எரி, ஏரி, ஒரு சொட்டு: அசையும் எழுத்துப் படம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நீர்ச் சிக்கனத்தைப் பற்றிப் பொதுமக்களிடம் பேசும் நிறுவனம் ஒன்று, காத்திருப்புக் கூடங்களில் உள்ள திரைகளில் சுழற்சியாக ஓடுவதற்கு 20 விநாடிப் படம் ஒன்றைக் கேட்டது. திரைகளில் ஒலி இராது; பார்ப்பவர்கள் தொலைவில், பெரும்பாலும் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பார்கள்; படம் எந்தக் கட்டத்தில் இருக்கும்போது அவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது. இந்த மூன்று நிபந்தனைகளும்தான் எங்களைக் குறைந்தபட்ச வடிவத்துக்குக் கொண்டுசென்றன. வெள்ளைத் திரை, கறுப்பு எழுத்து, ஒரே எழுத்துரு, ஒரு நேரத்தில் ஒரு சொல், அந்தச் சொல்லில் ஒரே ஓர் அசைவு என்று முதல் நாளிலேயே வரையறுத்துக்கொண்டோம்.

குழுவில் மூவர் இருந்தோம்: காட்சிகளை வரைந்த வடிவமைப்பாளர், அவற்றை அசைய வைத்த மோஷன் டிசைனர், எழுத்து வடிவங்களுக்கும் மொழிக்கும் பொறுப்பேற்றிருந்த நான். நிறுவனத்தின் சார்பில் ஓர் அலுவலர் எங்களுடன் பேசிவந்தார்.

கைனடிக் டைப்போகிராஃபி என்று தொழிலில் வழங்கும் அசையும் எழுத்துக் கலை, திரைப்படங்களின் தொடக்கப் பெயர்ப்பட்டியல்களில் வளர்ந்தது. 1959-இல் அமெரிக்க வடிவமைப்பாளர் சால் பாஸ் வடிவமைத்த பெயர்ப்பட்டியல் ஒன்றில் பெயர்கள் ஒரு கட்டடத்தின் முகப்புக் கோடுகளின் வழியே ஏறி இறங்கியதை இத்துறையில் உள்ளவர்கள் அறிவார்கள். அங்கே சொற்கள் இடம்பெயர்ந்தன; எந்தச் சொல்லும் வேறு சொல்லாகவில்லை. எங்களுக்கு வேண்டியிருந்ததோ எழுத்தின் ஓர் உறுப்பு அசைவதும், அந்த அசைவாலேயே சொல்லின் பொருள் மாறுவதும். தமிழில் இதற்குப் பழைய முன்மாதிரி இருக்கிறது. எழுத்துகளையும் சொற்களையும் கொண்டு விளையாடும் சித்திரகவி வகைகளுள் மாத்திரை வருத்தனம் என்பது குறிலை நெடிலாக்கி ஒரு சொல்லிலிருந்து வேறு சொல்லைப் பெறும் முறை. மாத்திரைச் சுருக்கம் என்பது அதன் மறுதலை. செவிக்கும் ஏட்டுக்கும் உரியதாக இருந்த அந்த விளையாட்டைத் திரையில் ஒரு கோட்டின் அசைவாகக் காட்ட முடியும் என்று நம்பினோம்.

சொற்களைத் தேர்ந்தது

காட்சிகளை வரிசையாக வரைந்துவைத்த முதல் ஸ்டோரிபோர்டில் நான்கு காட்சிகள் இருந்தன. அவற்றில் இரண்டு நிற்கவில்லை. நின்றவற்றைவிட நிற்காதவையே எங்களுக்கு அதிகம் கற்பித்தன என்பதால் அவற்றையும் இங்கே பதிவு செய்கிறேன்.

‘குளம்’ என்ற சொல் ‘களம்’ ஆக மாறும் காட்சி காகிதத்தில் மிக நன்றாக இருந்தது. நீர் நின்ற இடம் வறண்ட வெளியாகிறது. அதற்கு ஓர் உகரம் மறைந்தால் போதும். திரையில் செய்து பார்த்தபோதுதான் அந்த உகரம் தனி உறுப்பாக இல்லை என்பது உறைத்தது. ‘கா’ என்பதில் உள்ள கால், ‘கெ’ என்பதில் உள்ள கொம்பு, ‘க்’ என்பதில் உள்ள புள்ளி ஆகியவை மெய்யுருவத்திலிருந்து விலகி நிற்பவை. அவற்றை எடுக்கலாம், வைக்கலாம். உகர, ஊகாரக் குறிகளோ எழுத்தோடு ஒட்டிப் பிறந்தவை. ‘கு’, ‘டு’, ‘மு’, ‘ரு’ என ஒவ்வொன்றிலும் வெவ்வேறு விதமாக அவை உடம்போடு இணைந்திருக்கின்றன. ‘கு’ என்பதைக் ‘க’ ஆக்க வேண்டுமானால் ஒரு வடிவத்தை இன்னொன்றாக உருக்கித்தான் ஆக வேண்டும். உருகும் அந்த ஏழெட்டு ஃபிரேம்களிலும் (அசையும் படத்தை ஆக்கும் தனித்தனி நிலைப்படங்களிலும்) திரையில் இருப்பது தமிழ் எழுத்தே அல்ல. கண் அதை எழுத்தாகப் பார்க்க மறுத்து, ஏதோ ஒரு பூச்சி நெளிவதாகப் பார்த்தது. அந்தக் காட்சியை விட்டோம்.

இன்னொன்று ‘அணை’. நெருப்பை அணை என்பதும் ஆற்றுக்குக் குறுக்கே கட்டும் அணை என்பதும் ஒரே சொல்லில் அமைந்த சிலேடை. வடிவமைப்பாளருக்கு இதில் இரண்டு ஆசைகள் இருந்தன. ‘எரி’ என்பதற்கு அருகில் நின்று ஏவலாக ஒலிக்கும் ‘அணை’, ‘எரி’ என்பது ‘ஏரி’ ஆனதும் பெயர்ச்சொல்லாக மாறிவிடும் என்பது ஒன்று. 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு வழங்கிய, யானைத் துதிக்கை போல் மேலெழுந்து வளையும் பழைய ‘ணை’ வடிவத்தை நீர் பாய்வதாக அசைக்கலாம் என்பது மற்றொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. அணை ஆற்றுக்கு உரியது. ஏரிக்கு உள்ளது கரை. ‘ஏரி அணை’ என்று சேர்த்துப் பார்க்கும் தமிழ் வாசகருக்கு அது இடறும். விளையாட்டுக்காக மொழியை வளைத்தால் விளையாட்டும் கெடும். பழைய வடிவத்தைப் பொறுத்தவரை, சீர்திருத்தத்துக்குப் பின் பள்ளிக்குச் சென்றவர்களில் பலர் அதை எழுத்தாகவே அறிய மாட்டார்கள். வடிவமைப்பாளர் சில நாள்கள் வருத்தப்பட்டார்; அந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது, ஏனெனில் அந்த வளைவு உண்மையிலேயே அழகானது.

எஞ்சியவை ‘சொட்டு’ என்பதும், ‘எரி’ என்பது ‘ஏரி’ ஆவதும். ‘சொட்டு’ என்ற சொல்லில் டகர மெய்யின் புள்ளியே துளியாகச் சொட்டும். அடுத்த காட்சியில் அதே துளி ‘எரி’ மீது விழுந்து, எகரத்தின் கீழே சரியும் கோடாக நிலைத்து, ‘ஏரி’ ஆகும். இரண்டு காட்சிகளிலும் அசைவது ஒரே பொருள்தான். எழுத்து வரலாறும் இதற்கு இசைவாக இருந்தது. பழைய எழுத்துமுறையில் குறில் எகரமே புள்ளி பெற்றது. புள்ளி இல்லாதது நெடில். இன்று நெடிலைக் காட்டும் கீழ்க்கோடு வீரமாமுனிவரின் சீர்திருத்தமாக 18-ஆம் நூற்றாண்டில் வந்தது. ஆக, மேலிருந்த புள்ளி போய்க் கீழே கோடு வந்த கதையைத்தான் எங்கள் துளியும் தன்னையறியாமல் சொல்லிக்கொண்டிருந்தது. பார்ப்பவர்களுக்கு இது தெரிய வேண்டியதில்லை. தெரிந்த எங்களுக்கு அது வேலையில் ஒரு பிடிப்பைத் தந்தது.

முதல் வடிவமும் அதன் தடங்கல்களும்

படத்தை விநாடிக்கு 25 ஃபிரேம் என்ற கணக்கில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைபட மென்பொருளில் செய்தோம். ‘சொட்டு’ என்ற சொல்லை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சு செய்வதுபோல் தோன்ற வைக்க மோஷன் டிசைனர் முயன்றபோது முதல் தடங்கல் வந்தது. முதலில் ‘ச’ தோன்றியது. அடுத்த கணத்தில் அதன் இடப்பக்கம் கொம்பும் வலப்பக்கம் காலும் முளைத்து, ‘ச’ வலப்புறம் குதித்தது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘சொ’ என்பது சகரமும் அதைத் தொடர்ந்து வரும் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. கண்ணுக்கு முன்னால் நிற்கும் கொம்பு, கணினிக்குப் பின்னால் வருகிறது. ஆங்கில எழுத்துகளை மனத்தில் வைத்து உருவான, எழுத்தெழுத்தாக அசைக்கும் வசதி, குறியீடுகளை எண்ணுகிறதே தவிர வாசகர் எழுத்து என்று கருதுவதை எண்ணுவதில்லை. எழுத்தெழுத்தாகத் தோன்றும் உத்தியையே கைவிட்டுச் சொல்லை முழுதாகத் தோன்ற வைத்தோம். சொல் முழுதாக வந்தபோது படம் மேலும் அமைதியானது என்பதால் இதை இழப்பாக நாங்கள் கருதவில்லை.

துளி விழும் வேகத்தில் இரண்டாவது தடங்கல். அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் கீஃபிரேம்களுக்கு, இரு முனைகளிலும் வேகத்தைத் தணிக்கும் ‘ஈஸி ஈஸ்’ அமைப்பைக் கொடுத்திருந்ததால் துளி மெல்லக் கிளம்பி, நடுவில் விரைந்து, தரையைத் தொடும்முன் மீண்டும் மெதுவானது. இறகு அப்படி இறங்கும், நீர் இறங்காது. அசைவை வளைவாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து, கடந்த தொலைவு காலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும்படி வளைவை மாற்றினோம். விழும் தொலைவை 100 பங்காகக் கொண்டால் முதல் ஃபிரேம் முடிவில் 1 பங்கு, இரண்டாவதில் 4, மூன்றாவதில் 9 என்று போய்ப் பத்தாவது ஃபிரேமில் 100. கடைசி ஒரு ஃபிரேமில் மட்டும் 19 பங்கு கடக்கிறது. அந்த மாற்றம் ஒன்றே கறுப்பு வட்டத்தை நீராக்கியது. நிறமோ பளபளப்போ தேவைப்படவில்லை. வேகமாக நகர்வதை மங்கலாக்கிக் காட்டும் மோஷன் பிளர் சிறிய புள்ளியைச் சாம்பல் கறையாக்கியதால் அதையும் நீக்கினோம்.

அலுவலர் துளிக்கு மட்டும் நீலம் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. நீர் என்றால் நீலம் என்பது எவருக்கும் தோன்றுவதே. ஆனால் நீலத் துளி எகரத்தின் கோடாக மாறும்போது அந்தக் கோடு நீலமாக நின்றால், வாசகர் அதை எழுத்தின் உறுப்பாகக் கொள்ளாமல் எழுத்தின் மேல் வைத்த அலங்காரமாகக் கொள்வார். சொல் ‘எரி’ ஆகவே நின்றுவிடும். இரண்டையும் அவரிடம் போட்டுக் காட்டியதும் கறுப்பையே ஏற்றுக்கொண்டார்.

முதன்முறை காட்டியபோது கண்டவை

படத்தைப் பற்றி ஏதும் அறியாத சிலரை ஒவ்வொருவராக உட்கார வைத்து, விளக்கம் சொல்லாமல் காட்டினோம். ‘சொட்டு’ எல்லோருக்கும் பிடித்தது. ‘எரி’ தோல்வியடைந்தது. பார்த்தவர்களில் மூத்தவரான ஓர் அம்மா மோஷன் டிசைனரைப் பார்த்துக் கேட்டார்: “ஏரின்னுதானே தம்பி மொதல்லருந்தே இருந்துச்சு?” அவருக்கு அடுத்து வந்தவர் வேறொன்றைச் சொன்னார்: “ரி கொஞ்சம் ஆடுதுங்க, அதைச் சரி பண்ணிடுங்க.”

இந்த இரண்டு வாக்கியங்களும் எங்களை ஓர் இரவு முழுவதும் உட்கார வைத்தன. இரண்டாவதை முதலில் புரிந்துகொண்டோம். ‘எரி’, ‘ஏரி’ ஆகிய இரண்டையும் தனித்தனி உரை அடுக்குகளாகத் தட்டச்சு செய்து, துளி வந்து சேரும் கணத்தில் ஒன்றை மறைத்து மற்றொன்றைக் காட்டியிருந்தோம். நாங்கள் எடுத்துக்கொண்ட எழுத்துருவில் எகரத்தின் அகலமும் ஏகாரத்தின் அகலமும் ஒன்றல்ல. ஆகவே அந்தக் கணத்தில் ‘ரி’ மயிரிழை அளவு நகர்ந்தது. நிலையாக நிற்கும் வெள்ளைத் திரையில் மயிரிழை நகர்வும் பெரிய நிகழ்வாகிவிடுகிறது. பார்ப்பவரின் கண் கோட்டை விட்டுவிட்டு ‘ரி’ பக்கம் ஓடியது. எதுவுமே இல்லாத திரையில் எதை அசைக்கிறோம் என்பதைவிட எது தன்னையறியாமல் அசைந்துவிடுகிறது என்பதில்தான் கவனம் வேண்டும் என்பதை அன்று கண்ணால் கண்டோம்.

அந்த அம்மா சொன்னதில் இரண்டு காரணங்கள் பின்னியிருந்தன. எல்லாக் கோடுகளும் ஒரே தடிமனில் அமைந்த அந்த எழுத்துருவில் ஏகாரத்தின் கீழ்க்கோடு மிகக் குட்டை. தொலைவிலிருந்து பார்த்தால் எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருந்தன. அதைவிடப் பெரிய காரணம் நேரம். ‘எரி’ தோன்றி 12 ஃபிரேமில், அதாவது அரை விநாடிக்கும் குறைவில், துளி விழத் தொடங்கியது. நாங்கள் நூறு முறை பார்த்தவர்கள். என்ன எழுதியிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். முதன்முறை பார்ப்பவர் ‘எரி’ என்று மனத்துக்குள் ஒருமுறை சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சொல் போய்விட்டது. வாசிக்கப்படாத சொல் மாறினால் அது மாற்றமாகவே பதியாது. இறுதியில் நின்ற ‘ஏரி’ மட்டும் நினைவில் தங்கி, தொடக்கத்தையும் தன்னால் நிரப்பிக்கொண்டது.

எடுத்த முடிவுகள்

உரை அடுக்குகளைக் கோட்டுருவங்களாக மாற்றினோம். ‘ரி’ ஒன்றே, அதைத் தொடவே இல்லை. எகரத்தின் உடம்பும் ஒன்றே. கீழ்க்கோட்டை மட்டும் தனிப் பாதையாக வரைந்து, எழுத்துருவில் இருந்ததைவிட நீட்டி, சரிவைச் சற்றுக் கூட்டினோம். வடிவமைப்பாளர் அந்தக் கோட்டின் முனையை வெட்டாமல் உருட்டி விட்டார். துளியின் வட்டம் அங்கே மிச்சமிருப்பதுபோல் அது தோன்றியது.

துளி மேல் விளிம்பிலிருந்து நேராக இறங்கி, எகரத்தின் வலப்பக்கக் காலின் தலையில் பட்டு, காலின் வழியே வழிந்து, அடிக்கு வந்ததும் கோடாகச் சரிகிறது. வழிவதற்கு 15 ஃபிரேம் ஒதுக்கினோம். அதற்கு முன் ‘எரி’ 60 ஃபிரேம் அசையாமல் நிற்கிறது. 2.4 விநாடி என்பது எழுத்தில் சிறியதாகத் தெரியலாம். எதுவும் நடக்காத திரையில் அது நீண்ட நேரம். வேலை செய்பவருக்கு அந்த அமைதி தாங்காது, ஏதாவது ஒன்றை அசைக்கக் கை துறுதுறுக்கும். மோஷன் டிசைனர் அங்கே எழுத்து மெல்ல நடுங்குவதுபோல் வைத்துப் பார்த்தார். தீயின் நடுக்கம் என்பது அவர் எண்ணம். அந்த நடுக்கம் துளியின் வருகையைத் தின்றுவிட்டதால் அவரே அதை எடுத்துவிட்டார்.

மீண்டும் புதியவர்களிடம் காட்டியபோது, எவரும் கேட்காமலே அவர்கள் இரண்டு சொற்களையும் வாய்விட்டுச் சொன்னார்கள். படம் திரைகளுக்குச் சென்றது.

திரைக்குச் சென்ற பின் நேர்ந்த பிழை

சில நாள்கள் கழித்து அலுவலர் ஒரு புகைப்படத்தை அனுப்பினார். காத்திருந்த ஒருவர் கைப்பேசியில் எடுத்தது. படத்தில் பெரிய கறுப்பு எழுத்துகளில் ‘சொடடு’ என்று இருந்தது. பொதுமக்களிடம் பேசும் நிறுவனம் ஒரு சொல்லைக்கூடப் பிழையில்லாமல் எழுதவில்லையே என்று எடுத்தவர் வருந்தி எழுதியிருந்தார்.

‘சொட்டு’ காட்சியில் டகரத்தின் புள்ளி பத்து ஃபிரேமில் விழுந்ததும், மேலே புதிய புள்ளி தோன்ற மேலும் 15 ஃபிரேம் விட்டிருந்தோம். அந்த ஒரு விநாடி முழுவதும் திரையில் இருந்தது பிழையான சொல். ஓடும் படமாகப் பார்த்த நாங்கள் அதைப் பிழையாக உணரவே இல்லை. முன்னும் பின்னும் வந்த சரியான சொல் எங்கள் கண்ணுக்கு அதை மூடிவிட்டது. நின்ற படமாகப் பார்த்தவருக்கு அந்த முன்னும் பின்னும் கிடையாது. அதே நாளில், நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் காணொளியின் முகப்புப் படமான தம்ப்நெயிலும் தானியங்கியாக அந்த ஒரு விநாடிக்குள்ளிருந்தே எடுக்கப்பட்டிருந்ததைக் கண்டோம். குறை எங்களுடையதே; குறிப்பாக, மொழிக்குப் பொறுப்பேற்றிருந்த என்னுடையது.

புகைப்படம் எடுத்தவர் அவசரப்பட்டுவிட்டார் என்று விளக்கம் எழுதலாம் என்ற பேச்சு எழுந்தது. அதை நான் எதிர்த்தேன். அவர் கண்டது உண்மை. படத்தை அன்றே இறக்கி, அந்தக் காட்சியைத் திரும்பச் செய்தோம்.

வழி குழாயில் கிடைத்தது. சரியாக மூடாத குழாயில் துளி முழுதாகக் கழன்று விழுவதில்லை. நுனியில் நீர் திரண்டு, கீழ்நோக்கி நீண்டு, இடுப்பு ஒடுங்கி, அடிப்பகுதி மட்டும் அறுந்து விழ, மேலே ஒரு பங்கு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. புள்ளியையும் அப்படியே செய்தோம். புள்ளி தன் இடத்தில் 20 ஃபிரேம் திரண்டு வீங்குகிறது, அதிலிருந்து ஒரு துளி அறுந்து விழுகிறது, புள்ளி தன் பழைய அளவுக்குத் திரும்புகிறது. விழும் துளி டகரத்தின் திறந்த வயிற்றுக்குள் இறங்கி, அதன் கிடைக்கோட்டில் பட்டுப் பரவி அடங்குகிறது. எந்த ஃபிரேமில் நிறுத்தினாலும் டகரத்தின் மேல் புள்ளி இருக்கிறது. எந்த ஃபிரேமிலும் சொல் ‘சொட்டு’ தான். பிழையைத் திருத்தப் போய்ச் செய்த இந்த அசைவு முதலில் செய்ததைவிட நீருக்கு நெருக்கமாக அமைந்தது.

விளைவு

திருத்திய படம் திரைகளுக்குத் திரும்பியது; எழுத்துப்பிழை குறித்த புகார் அதற்குப் பின் வரவில்லை. புகைப்படம் எடுத்தவருக்கு நிறுவனம் நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதியது. இணையப் பக்கத்துக்கான வடிவத்தில் நிறுத்தும் பொத்தான் சேர்த்தோம். மற்ற உள்ளடக்கத்தோடு தானாகவே ஓடத் தொடங்கி ஐந்து விநாடிக்கு மேல் அசைவதை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்று வலை அணுகுதன்மை வழிகாட்டி நெறிகள் கேட்கின்றன. அசைவைக் குறைக்கும்படி தம் சாதனத்தில் அமைத்திருப்பவர்களுக்கு ‘எரி’, ‘ஏரி’ என்ற இரண்டு நிலைப்படங்கள் அடுத்தடுத்துத் தெரியும். அந்த வடிவத்திலும் விளையாட்டு புரிகிறது. ஆனால் துளி வழியும் அந்த 15 ஃபிரேம் இல்லாத குறை எனக்கு உறுத்துகிறது.

மாற்ற வேண்டியவை

இதே வேலையை மீண்டும் தொடங்கினால், சொல்லைத் தேர்வதற்கு முன்பே அதன் எழுத்துகளை உறுப்பு உறுப்பாகப் பிரித்து வரைந்து பார்ப்பேன். விலகி நிற்கும் உறுப்பு எது, ஒட்டியிருக்கும் உறுப்பு எது என்று தெரிந்திருந்தால் ‘குளம்’ காட்சிக்குச் செலவான நாள்கள் மிஞ்சியிருக்கும். எழுத்துருவையும் அதன் அழகுக்காக முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுப் பின்னர் கோட்டை நீட்டியது தலைகீழான வேலை. எகரமும் ஏகாரமும் திரையின் உண்மையான தொலைவில் வேறுபட்டுத் தெரிகின்றனவா என்பதே முதல் தேர்வாக இருந்திருக்க வேண்டும்.

இறுதிப் படக் கோப்பை உருவாக்கும் ரெண்டர் முடிந்ததும் படத்தை ஓட்டிப் பார்ப்பதோடு நிற்காமல், ஃபிரேம்களைத் தனித்தனிப் படங்களாக வெளியே எடுத்து, மெய்ப்புத் திருத்துபவர் அச்சுப் பக்கத்தைப் படிப்பதுபோல் படிக்கும் வழக்கத்தை இப்போது கொண்டிருக்கிறோம். 20 விநாடிப் படத்தில் 500 ஃபிரேம்கள். அசையாமல் நிற்பவற்றைத் தள்ளினால் படிக்க வேண்டியவை நூற்றுச் சொச்சம்தான். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சென்ற முறை அந்த வேலையை மோஷன் டிசைனர் செய்தார், தம்ப்நெயிலுக்கு உரிய ஃபிரேமையும் அவரே குறித்துக் கொடுத்தார்.